படித்தவர்கள் பட்டியலில் ஒரு பெயர்

எங்கள் ரசிகர் குழுவில் யாராவது மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தால், நாலாவது நாள் காலை ஆறரை மணிக்குக் குழுவை நடத்துகிறவரிடமிருந்து போன் வரும். ஆறரை என்பது அவருக்குக் காலை அல்ல, பாதி நாள் போயிருக்கும். “தம்பி, ஒடம்பு சொகந்தானா? பாட்டுப் பக்கம் ஆளக் காணுமே” என்பார். சுகம் என்று சொன்னால், அப்படியானால் ஏன் எழுதவில்லை என்று அடுத்த கேள்வி வரும். சுகமில்லை என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் குழுவில் எல்லோருக்கும் செய்தி போய், முகம் தெரியாத பத்துப் பேர் கஷாயம் சொல்லிக் கொடுப்பார்கள். அதனால் நான் எப்போதும் சுகம் என்றே சொல்லி, பல் துலக்குவதற்கு முன்பே ஏதோ இரண்டு வரி எழுதிப் போட்டுவிடுவேன். எனக்கு அவரைப் பிடிக்கும். அந்த நேரத்தில் மட்டும் பிடிக்காது.

நாங்கள் யாருடைய ரசிகர்கள் என்று பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, அதுதான் எங்கள் பிரச்சினையே. சினிமாவில் கொஞ்ச காலம் பாடிய ஒரு பெண்மணி. பாதிப் பாட்டுகளில் தோழிகள் கூட்டத்துக்கு நடுவே இரண்டு வரிதான் அவருக்குக் கிடைத்திருக்கும். பிறகு வாய்ப்பு நின்றது, கல்யாணம் ஆயிற்று, வெளியூரில் எங்கேயோ காலமும் ஆகிவிட்டார். அவர் குரலில் ஒரு கரகரப்பு உண்டு, அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து பேசுகிறவர்களின் குரல் மாதிரி. அதில் விழுந்தவர்கள் எழவில்லை. அப்படி விழுந்தவர்கள் இணையம் வந்த புதிதில் ஒரு தளத்தில் சேர்ந்தார்கள். அப்போது ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தோம். சிங்கப்பூரில் இருந்த ஒருவர் அதைத் தொடங்கினார். இரண்டு வருடத்தில் அவருக்கு வேறு வேலை வந்தது, சாவியை நம் ஆறரை மணிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இவர் வலங்கைமானில் லஸ்கர். ஆற்று மதகுகளைத் திறந்து மூடி, வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீரைப் பிரித்துவிடுகிற வேலைக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பேர். குடமுருட்டி ஆற்றுக் கரையில் காக்கிச் சட்டையும் சைக்கிளுமாக அவரைப் பார்க்காதவர்கள் ஊரில் கிடையாது. நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தளத்தில் “கடைமடை” என்ற பெயரில் எழுதுகிறவர் அவர்தான் என்று எனக்குத் தெரியாது. எழுத்தைப் பார்த்து, தஞ்சாவூரில் ஏதோ கல்லூரிப் பேராசிரியர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பழைய பாட்டின் தொடக்கத்தில் வருகிற முணுமுணுப்பு எங்கள் பாடகியுடையதா இல்லையா என்று அந்தக் கடைமடையோடு நான் இரண்டு வருடம் சண்டை போட்டேன். பாடியது அவர்தான் என்பது என் கட்சி. காது கேளாதவர்கள் எல்லாம் ரசிகர் என்று சொல்லிக்கொள்வது இணையத்தின் சாபம் என்று ஒரு முறை எழுதினேன். அதற்கும் பொறுமையாகப் பதில் வந்தது. அவர் எதற்கும் பதில் எழுதாமல் விட்டதில்லை. ஒருநாள் என் உரக்கடையில் கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். லஸ்கர் நெல்லுக்கு நுண்ணூட்டம் வாங்க வந்தவர், பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இது அவங்க இல்ல தம்பி. மூணாவது எடத்துல மூச்சு வாங்குறாங்க பாருங்க. அவங்க அங்க வாங்க மாட்டாங்க.”

இதே வாக்கியத்தை முந்தின நாள்தான் கடைமடை எனக்கு எழுதியிருந்தார். நான் திட்டி எழுதியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அவருக்கும் புரிந்துவிட்டது, சிரித்தார். பத்துக் கிலோ பையை நானே தூக்கிக்கொண்டு போய் அவர் சைக்கிளில் வைத்தேன். அன்றைக்கு என்னால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான். முணுமுணுப்பு விஷயத்தில் நான் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

வாய்க்காலின் கடைசி வயலுக்குத்தான் கடைமடை என்று பேர். தலைமடைக்காரன் வரப்பை வெட்டி வேண்டியதை எடுத்துக்கொள்வான், கடைசியில் இருப்பவனுக்குச் சேறுதான் மிஞ்சும். அதற்காகத்தான் முறை வைப்பார்கள். இன்ன நாள் இன்ன வாய்க்காலுக்கு என்று. லஸ்கர் ரசிகர் குழுவையும் அப்படியே நடத்தினார். எழுத வருகிறவர்கள் எழுதிக்கொண்டே இருந்தால் கூச்சப்படுகிறவர்கள் வாயே திறக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஆகவே குழுவிலும் முறை. தினம் ஒரு பாட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முறைக்காரர். முறைக்காரர் அந்தப் பாட்டை முதன்முதலில் எங்கே கேட்டார் என்று எழுதிய பிறகுதான் மற்றவர்கள் பேசலாம். அதிகம் பேசுகிறவர்களுக்கு, கொஞ்சம் மடையை அடைத்து வையுங்கள் என்று தனியாகச் செய்தி போகும். பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள் சிலர் இதில் கோபித்துக்கொண்டு விலகினார்கள். ஒரு மதகுக்காரன் எங்களுக்கு முறை வைப்பதா என்று ஒருவர் எழுதியே விட்டுப் போனார். அதற்கும், இத்தனை நாள் இருந்ததற்கு நன்றி என்று பதில் எழுதியவர் இவர்.

‘மொதல்ல எங்க கேட்டீங்க?’ என்ற கேள்வியைப் புதிதாகச் சேருகிற எல்லோரிடமும் கேட்பார். டீக்கடையில், கல்யாண வீட்டில், பக்கத்து வீட்டு ரேடியோவில் என்று பதில் வரும். எந்தப் பதில் வந்தாலும் அதற்கு மேல் இன்னொரு கேள்வி. என்ன கல்யாணம், யார் கல்யாணம், அப்போது மழையா வெயிலா. அருமை என்று ஒற்றை வார்த்தை போடுகிறவர்களையும் விடமாட்டார், எந்த இடம் அருமை என்று கேட்பார். காலை வணக்கம் என்று பூப்படம் போடுகிறவர்களுக்குக் கூட, வணக்கம், இன்றைய பாட்டு மேலே இருக்கிறது என்று எழுதுவார்.

தளத்தை நடத்திய கம்பெனி ஒருநாள் கடையைக் கட்டியது. முகநூலுக்குப் போனோம், இருநூறு பேர் வந்தார்கள். அங்கே சண்டையும் விளம்பரமும் அதிகமாகி வாட்ஸப் குழுவுக்கு வந்தபோது அறுபத்துச் சொச்சம். புது வாய்க்காலில் முதல் தண்ணீர் விட்டால் பாதியை மண்ணே குடித்துவிடும், அதற்காகக் கவலைப்படக் கூடாது என்று எனக்குச் சமாதானம் சொன்னார். நான் கவலைப்படவே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பாடகியின் பிறந்தநாளுக்குத் தஞ்சாவூரில் ஒரு கூட்டம் போட்டார். ஒரு ஓட்டலின் மாடியில் முப்பது பேர் உட்காரும் அறை. நாற்பது பேர் கண்டிப்பாக வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நாற்காலி போதாதே என்று அவருக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. வந்தது நாங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஐந்து பேர். அதிலும் ஒருவர் கீழே நடந்த இயற்கை விவசாயக் கூட்டத்துக்கு வந்து தவறி மாடியேறியவர். லஸ்கர் அவரையும் விடவில்லை. பாட்டைப் போட்டுக் காட்டி, முதலில் எங்கே கேட்டீர்கள் என்றார். அந்த மனிதர் யோசித்துவிட்டு, இப்போதுதான் கேட்கிறேன் என்றார். அப்படியானால் நீங்கள்தான் எங்கள் புது உறுப்பினர் என்று அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். மனிதர் பாவம், இலை போட்டுச் சாப்பிட்டு, கடைசிப் பாட்டு வரை இருந்துவிட்டுத்தான் போனார். கூட்டம் எப்படி நடந்தது என்று அன்றைக்குக் குழுவில் எழுதும்போது, அறை சின்னது, நிறையப் பேர் வராதது ஒரு வகையில் வசதியாகப் போயிற்று என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு இன்னொரு முறை படித்தேன்.

அவருடைய இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது அதற்கு அடுத்த மாதம் தெரிந்தது. அப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். சர்க்கரையில் வலது காலில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். அவர் வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம். வாசலில் காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மத்தியானம், இந்த மாதம் நான்கு பேர் போய்விட்டார்கள், இரண்டு பேர் குழுவிலிருந்து, இரண்டு பேர் உலகத்திலிருந்தே, இன்னும் எதற்கு இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும், நல்லபடியாக முடித்துவிடலாமே என்று கேட்டேன். அவர் சொன்னார்.

“ஒரு வருஷம் மச்சினன் கல்யாணம் தம்பி. கடைமடை வரைக்கும் சைக்கிள்ல போயி பாக்கணும், போவல. தண்ணி சேந்துச்சான்னு ஆபீசர் கேட்டாரு, சேந்துடுச்சுங்கன்னேன். சேரல. நடுவுல எவனோ கரைய வெட்டி வுட்டிருக்கான். பதினோரு நா கழிச்சிப் போறேன், பயிரெல்லாம் கருகிக் கெடக்கு. வரப்புல ஒரு அம்மா உக்காந்திருந்துச்சு. என்னைய ஒண்ணுமே கேக்கல. ஒரு வார்த்த கேக்கல.”

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, கடைசி வயலைத் தன் கண்ணால் பார்க்காமல் எதையும் சேர்ந்தது என்று சொன்னதில்லை என்றார். அப்புறம் போனை எடுத்து என்னிடம் காட்டினார். குழுவில் நாம் போட்ட செய்தியை யார் யார் படித்தார்கள் என்று ஒரு பட்டியல் வருமே, அது. அன்று காலை அவர் போட்ட பாட்டை ஆறு பேர் படித்திருந்தார்கள். முதல் பெயர் செல்வராணி.

செல்வராணி பூம்புகார்ப் பக்கம் மீனவக் குடும்பம். குழுவுக்கு வந்த புதிதில் வழக்கமான கேள்விக்கு ஒரே ஒரு வரி எழுதியிருந்தார், கல்யாணத்துக்கு முன்னால் கருவாடு காய வைக்கிற இடத்தில் ஸ்பீக்கரில் கேட்டது என்று. அதோடு சரி. எட்டு வருடமாக ஒரு எழுத்து எழுதவில்லை. மூன்று நாள் சட்டப்படி லஸ்கர் ஆரம்பத்தில் ஒரு முறை போன் செய்தாராம். எனக்குப் பேச வராதுங்க, கேட்டுக்கிட்டு இருக்கேன், அது போதும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அவர்களை அவர் தொந்தரவு செய்யவில்லை. ஆனால் தினமும் காலை ஒன்பது மணிக்குள் அந்தப் பெயர் பட்டியலில் வந்துவிடும். சில நாள் அந்தப் பெயர் மட்டும்தான் வரும்.

“ஒருத்தரு கேக்குறாங்கல்ல. கடைசி வயலு அது. அது காயற வரைக்கும் மதக மூட முடியாது” என்றார்.

இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும். நானும் என் முறை வந்தபோதெல்லாம் எழுதினேன். எனக்குச் சொந்த அனுபவம் தீர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கேட்காத கல்யாணத்திலும் போகாத திருவிழாவிலும் அந்தப் பாட்டுகளைக் கேட்டதாகப் புளுகினேன். அவர் அதற்கெல்லாம், அப்போது மழையா வெயிலா என்று கேட்பார். நான் மழை என்பேன்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஆடி மாதம், அந்தப் பெயர் பட்டியலில் வருவது நின்றது. ஒருநாள், இரண்டு நாள் என்று ஒன்பது நாள் ஆயிற்று. தொந்தரவு செய்வதில்லை என்று இருந்தவர் மனசு கேட்காமல் அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தார், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. காலில் புண் ஆறாமல் கிடந்ததால் அவரால் பஸ் ஏற முடியாது. மயிலாடுதுறையில் எனக்கு ஒரு உர டீலரைப் பார்க்கிற வேலை இருந்தது. அப்படியே பூம்புகாருக்கு ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறீர்களா என்று கேட்டார். அவர் என்னிடம் உதவி என்று கேட்டது அது ஒன்றுதான். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்த விலாசம்.

வெயிலில் அலைந்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். செல்வராணியின் மருமகள் வந்தாள், முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் கூடை, மீன் ஏலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் குழுவின் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. மாமியார் போய் நாலு வருடம் ஆகிறது என்றாள். பக்கவாதம். போன் அதற்குப் பிறகு அவளிடம்தான் இருந்தது, போன வாரம் படகிலிருந்து தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது, நம்பரும் போயிற்று.

அப்படியானால் நாலு வருடமாகப் படித்தது யார் என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பாட்டா வந்து போனு ரொம்பிடுதுங்க. காலைல தொறந்து மொத்தத்தையும் அழிச்சிடுவேன்.”

குழுவை விட்டு விலகியிருக்கலாமே என்றேன். என் குரலில் எரிச்சல் இருந்தது.

“வெலகுனா செல்வராணி வெளியேறினார்னு வருமே. செத்துப் போனவங்கள அப்படிப் போட்டா நல்லாருக்காதுன்னு விட்டுட்டேங்க.”

ஒருமுறையாவது பாட்டைப் போட்டுக் கேட்டாயா என்று கேட்டேன். நேரம் ஏதுங்க என்றாள். அதற்கு மேல் எனக்குப் பேசப் பிடிக்கவில்லை. அவளுக்கும் ஏலத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவளுடைய புது நம்பரையாவது வாங்கினேனா என்றால் அதுவும் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து, நாலு வருடம் அழிப்பதற்காகத் திறந்த போனை நம்பிப் பாட்டு அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்து நினைத்துக் கொதித்துக்கொண்டு வந்தேன்.

அவரிடம் எதைச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். அந்த அம்மா நன்றாக இருக்கிறார்கள், போன்தான் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வரப்பில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கதையைக் கேட்டவன் நான், அதனால் பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மை தெரிந்தால் மனிதர் இந்தப் பாரத்தை இறக்கி வைப்பார் என்றும் நினைத்தேன். எனக்கும் இறங்கும் என்று நினைத்ததை மறைக்கவில்லை.

முழுவதும் கேட்டார். மருமகள் அழித்தது, விலகாமல் இருந்தது, போன் தண்ணீரில் விழுந்தது எல்லாம் சொன்னேன். முக்காலியில் இருந்த காலைக் கையால் தூக்கிக் கீழே வைத்தார்.

“நாலு வருஷம் போவட்டும். அதுக்கு முன்னாடி, அந்தம்மா இருந்தப்ப, கேட்டாங்களாமா?”

நான் அதைக் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் போய், வீட்டைக் கண்டுபிடித்து, குற்றவாளியை விசாரிப்பது போல விசாரித்துவிட்டு, கேட்க வேண்டிய ஒன்றே ஒன்றைக் கேட்காமல் வந்திருக்கிறேன். அவர் கேட்ட பிறகுதான் எனக்கே அது உறைத்தது. கேட்கலண்ணே என்றேன்.

“பரவால்ல தம்பி. அடுத்த தடவ போறப்ப கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் காலைப் பாட்டு வந்தது. முறைக்காரர் பட்டியலும் வந்தது. ஆறரை மணி போன் மட்டும் யாருக்கும் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதல் வாரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் பாட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆயிற்று, பிறகு நின்றது. ஏன் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாவது கேட்டிருக்கலாம். இந்தக் குழுவை இத்தனை காலம் ஓட்டியது பாட்டும் அல்ல, பாடகியும் அல்ல, இந்த ஒரு மனிதர் போன் செய்து செய்து எங்களை இழுத்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும் நான் ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த தடவை என்பது வரவே இல்லை. ஐப்பசியில் ஒருமுறை போன் செய்து, அந்தப் பக்கம் போகிற வேலை இருக்கிறதா என்று கேட்டார். சம்பாவுக்கு உரம் இறக்குகிற நேரம், பொங்கல் கழித்துப் போகிறேன் என்றேன். மாசியில் இன்னொரு முறை கேட்டார். உளுந்து விதை வந்திறங்கியிருந்தது, அதைச் சொன்னேன். வேறு யாரையாவது அவர் அனுப்பியிருக்கலாம். ஆனால் செல்வராணி விஷயம் குழுவில் ஒருவருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் அந்த மருமகளைக் கேலி பேசுவார்கள் என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. அடுத்த சம்பா சமயம், ஆட்டோ வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். முழங்கால் வரை கட்டுப் போட்டிருந்தது. ஒன்றும் வாங்கவில்லை, பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தார். கடையில் பத்துப் பேர் நின்றார்கள். நானே வெட்கப்பட்டு, அடுத்த வாரம் கட்டாயம் போகிறேண்ணே என்றேன்.

“கூட்டமா இருக்கே தம்பி, வியாபாரத்தப் பாருங்க” என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இருபது நாளில் போய்விட்டார். திருவாரூரில் இருக்கும் அவருடைய மகள் சொல்லி அனுப்பினாள். மாலை வாங்கிக்கொண்டு போனேன். நம் அட்மின் காலமாகிவிட்டார் என்று குழுவில் செய்தி போட்டேன். மூன்று பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். ஒருவர், எந்த அட்மின் என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் பூம்புகார் போனேன். யாருக்காகப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மருமகள் மணலில் வலையை விரித்துக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்து நின்றாள். மாமியார் உயிரோடு இருந்தபோது அந்தப் பாட்டுகளைக் கேட்டார்களா என்று கேட்டேன்.

“கேக்காமயா. காதோரம் போன வெச்சிக்கிட்டேதான் மீன் அறுப்பாங்க. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க, சேந்தப்ப போட்ட அந்த ஒரு வரியும் அவங்க சொல்லி நான் எழுதுனது, கீழ எழுதியிருக்கறதயும் நாந்தான் படிச்சிச் சொல்லணும். அந்த லஸ்கர் ஐயா எழுதுனத மட்டும் ரெண்டு தடவ படிக்கச் சொல்லுவாங்க. பதில் போடட்டுமாத்தேன்னு கேப்பேன். பெரியவங்க பேசுற எடத்துல நாம என்னத்தச் சொல்றதும்பாங்க. வாய் இழுத்துக்கிட்ட பொறவு பேச்சு இல்ல. ஆனா காலைல அந்த நேரத்துக்குப் போனக் கை காட்டுவாங்க. கடேசி நாளு வரைக்கும் காட்டுனாங்க.”

போன தடவை இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அழித்ததற்காகச் சண்டை போட வந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டதாகச் சொன்னாள். நீங்களும் கேட்கவில்லையே என்றாள். பிறகு, அந்த ஐயாகிட்ட சொல்லிடுங்க, எங்க அத்தைக்கு அவரு எழுதறதுன்னா உசுரு என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டு வந்து பஸ் ஏறினேன். வலங்கைமானிலிருந்து பூம்புகாருக்கு மூன்று பஸ் மாற வேண்டும். காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். ஒரு வருடத்துக்கு மேல் எனக்கு அந்த ஒருநாள் கிடைக்கவில்லை.